கலப்பு மரபும் அகமண வழக்கும்: மரபணு ஆய்வுகள் கூறுவன யாவை?

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் சபையார் ஒருவர் இல்லத்தில் நடைபெற்ற வேதபாட வகுப்பின் முடிவில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் வினா ஒன்றை எழுப்பினார். "ஐயா, இரத்தத்தைச் சோதித்து ஒருவருடைய சாதியைச் சொல்லிவிட முடியுமாமே, உண்மைதானா?" என்பதே அவ்வினா. கூடியிருந்தோரில் சிலர் நகைத்தனர். சிலர் தலை குனிந்தனர். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு வினாவுக்கும் நான் விடை கூறத் தவறியிருந்தேன். என் ஊழியத்தின் தொடக்க நாள்களில் அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் நிகழ்ந்த திருமணம் ஒன்றை நடத்திவைத்தேன். அவர்களுக்குப் பிறந்த இரு பிள்ளைகளும் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவர்களாய் இருந்தனர். "நாங்கள் என்ன பாவம் செய்தோம், ஐயா?" என்று அத்தாய் கேட்டார். நான் ஜெபித்துவிட்டுத் திரும்பினேன். விளக்கம் ஏதும் கூறவில்லை. கூறுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பதே உண்மை.

இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைக் காலம் கடந்தே உணர்ந்தேன். மக்கள் தொகுதிகள் எவ்வாறு கலந்தன, பின் எவ்வாறு பிரிந்து நின்றன என்பதைப் பெருந்தொகையினரின் மரபணுக்களைக் கொண்டு ஆராயும் துறை அண்மை ஆண்டுகளில் மிக வளர்ந்துள்ளது. அதன் வழிமுறையையும், நம் நாட்டைப் பற்றிய முடிவுகளையும், ஆயருக்கு அவற்றால் விளையும் பொறுப்பையும் எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பால்கோவாவும் நூலும்

தாய் தந்தையரின் பண்புகள் பிள்ளையிடம் சேர்வதைப் பாலும் சர்க்கரையும் கலப்பதற்கு ஒப்பிட்டே முன்னோர் எண்ணினர். நம் ஊர்ப் பால்கோவாவில் பாலையும் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சியபின் எவராலும் அவற்றை மீண்டும் பிரித்தெடுக்க இயலாது. குருதியும் அவ்வாறே ஒன்றாகிக் கரைந்துவிடும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் புருன் நகரத் துறவி மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் செடி ஆய்வு இக்கொள்கையை மறுத்தது. மரபுக் கூறுகள் கரைந்து மறைவதில்லை. தனித்தனியாக நின்றே தலைமுறை தலைமுறையாகக் கடந்து வருகின்றன.

எனவே பால்கோவாவை விடுத்து, இராஜபாளையத்து நூற்பாலைகளின் நூலை உவமையாகக் கொள்வோம். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. தந்தை வழியினது முழுவதும் சிவப்பு நூல் என்றும், தாய் வழியினது முழுவதும் வெள்ளை நூல் என்றும் வைத்துக்கொள்வோம். இவர்களுடைய பிள்ளை தன் சந்ததிக்குக் கொடுக்கும்போது இவ்விரு நூல்களும் சில இடங்களில் அறுந்து, துண்டு மாறி ஒட்டிக்கொள்கின்றன. பேரப்பிள்ளை பெறும் நூலில் நீண்ட சிவப்புத் துண்டும் நீண்ட வெள்ளைத் துண்டும் மாறிமாறி இருக்கும். தலைமுறை தோறும் இவ்வறுபடுதல் தொடர்வதால் துண்டுகள் குறுகிக்கொண்டே செல்லும். நூறு தலைமுறைக்குப்பின் அவை மிகச் சிறியவையாய் இருப்பினும், சிவப்பு சிவப்பே, வெள்ளை வெள்ளையே.

ஆய்வாளர் கைக்கொள்ளும் முறை இதிலிருந்து விளங்கும். சிவப்பும் வெள்ளையும் எவ்வளவு உள்ளன என்று அளந்தால் கலப்பின் விகிதம் தெரியும். துண்டுகளின் நீளத்தை அளந்தால் கலப்பு நிகழ்ந்து எத்தனை தலைமுறைகள் கடந்தன என்பது தெரியும். தலைமுறை ஒன்றுக்கு 28 அல்லது 29 ஆண்டுகள் எனக் கொண்டு காலத்தைக் கணிக்கின்றனர். மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன எனலாம். எவ்விருவரை ஒப்பிட்டாலும் ஆயிரத்துக்கு ஓர் எழுத்து அளவிலேயே அவர்கள் வேறுபடுவர். அவ்வேறுபாடுகளிலும் பெரும்பகுதி, ஏறத்தாழ 85 விழுக்காடு, ஒரே மக்கள் தொகுதிக்குள்ளேயே காணப்படுவது என்று ரிச்சர்டு லெவான்டின் 1972-இலேயே காட்டினார். எஞ்சிய சிறு பகுதியைக் கொண்டுதான் மேற்கூறிய கணக்குகள் யாவும் செய்யப்படுகின்றன. இதை நாம் மறத்தலாகாது.

2. நம் நாட்டைப் பற்றிய முடிவுகள்

ஐதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக டேவிட் ரெய்க் குழுவினரும் இணைந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுத் தொகுதியில் 5,60,000-க்கும் மேற்பட்ட இடங்களை அவர்கள் ஒப்பிட்டனர். இந்தியப் பெருநிலத்தில் அவர்கள் ஆய்ந்த பெரும்பாலான குழுக்களும் இரு பழைய மூதாதையர் தொகுதிகளின் கலப்பே என்பது அவர்கள் கண்ட முடிவு. அவற்றுக்கு வட இந்திய மூதாதையர், தென்னிந்திய மூதாதையர் என்று பெயரிட்டனர். இப்பெயர்கள் இன்றைய வடக்கையும் தெற்கையும் குறிப்பன அல்ல. வசதிக்காக இட்ட பெயர்களே. முதல் தொகுதியின் பங்கு குழுவுக்குக் குழு 39 முதல் 71 விழுக்காடு வரை வேறுபட்டது. முழுவதும் ஒன்றாகவோ முழுவதும் மற்றொன்றாகவோ நின்ற சாதி எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை.

2013-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு 73 குழுக்களைச் சேர்ந்த 571 பேரை ஆராய்ந்து காலத்தைக் கணித்தது. இக்கலப்பு இன்றைக்கு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பரவலாக நிகழ்ந்தது. அதன்பின் கலப்பு அருகி, அகமணம் வலுப்பெற்றது. அகமணம் என்பது தத்தம் குழுவுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கு. பார்த்த மசூம்தார் முதலியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வும், ஏறத்தாழ 70 தலைமுறைகளுக்கு முன் பல குழுக்களில் இவ்வழக்கு இறுகியதாகக் கூறுகின்றது.

2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பண்டைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுக்களையும் சேர்த்துக்கொண்டது. முன்னர் இரண்டு எனக் கூறப்பட்ட மூதாதையர் தொகுதிகளும் தாமே கலப்பால் உண்டானவை என்று அது காட்டியது. இந்நிலத்தின் தொல்குடியினர், சிந்துவெளியோடு தொடர்புடைய ஈரானிய வழித் தொகுதியினர், பின்னர் வந்த மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர் என்னும் மூவகையினர் வெவ்வேறு அளவில் சேர்ந்ததே நம் மக்கள் தொகுதி.

இவ்வாய்வில் நம் பகுதியினர் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பை ஒட்டிய மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பு உண்டு. தேனும் கிழங்கும் சேகரித்து மலையில் வாழ்ந்த அப்பழங்குடியினர் கலப்பே அறியாதவர் என்று நாம் எண்ணுவது வழக்கம். தென்னிந்திய மூதாதையர் தொகுதிக்கு இன்று மிக அணுக்கமாக நிற்போருள் பளியர் குழுவினரும் அடங்குவர் என்பது உண்மையே. ஆயினும் அவர்களுடைய மரபணுவிலும் தொல்குடியினரின் கூறும் ஈரானிய வழிக் கூறும் சேர்ந்தே உள்ளன; அச்சேர்க்கை ஏறத்தாழ நூறு தலைமுறைகளுக்கு முன் நிகழ்ந்தது எனக் கணித்துள்ளனர். மலையில் வாழ்வோரும் கலந்தவரே. சமவெளியில் வாழ்வோரும் கலந்தவரே. நாயக்கர் காலத்தில் ஆந்திர நாட்டிலிருந்து வந்து இராஜபாளையத்தில் குடியேறி இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் இதற்கு விலக்கல்லர்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டின் 12 பழங்குடிகள், 19 பிற குழுக்கள் ஆகியவற்றைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை அவர்கள் ஆராய்ந்தனர். குழுக்களிடையே வேறுபாடு 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை பரவிய காலத்தை ஒட்டியே தோன்றியதென்றும், கடந்த 3,000 ஆண்டுகளில் கலப்பு குறைவென்றும் அவர்கள் முடிவு கூறினர். இது முன்கூறிய கணக்கோடு முற்றும் பொருந்தவில்லை. ஒய் குரோமோசோம் தந்தை, அவர் தந்தை என ஒரே வழியை மட்டும் காட்டுவது. பத்துத் தலைமுறைக்கு முன் நம் ஒவ்வொருவருக்கும் மூதாதையர் இடங்கள் 1,024 உள. ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒன்றைப் பற்றியே பேசும். முழுத் தொகுதி ஆய்வு அனைவரையும் கருத்திற் கொள்வது. இரு சான்றுகளையும் அவற்றின் எல்லை அறிந்து ஏற்பதே முறையாகும்.

3. சுவர் எழுப்பியதன் விளைவு

கலப்பு நின்று அகமணம் வலுத்ததால் நேர்ந்தது யாது? எவரிடமும் பழுதுள்ள மரபணுக்கள் சில உண்டு. அவற்றுட் பல ஒடுங்கு பண்புடையவை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதைப் பெற்றால் அன்றி நோய் வெளிப்படாது. சிறு எண்ணிக்கையினரான முன்னோரிடமிருந்து பெருகிய குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொண்டு வருமாயின், அம்முன்னோரில் ஒருவரிடம் இருந்த பழுது குழு முழுவதிலும் பரவி நிற்கும். அப்பொழுது மணமக்கள் தாம் உறவினரல்லர் என்று எண்ணினும், மரபணு அளவில் தொலைவிலுள்ள உறவினராகவே இருப்பர்.

2017-இல் தெற்காசியாவின் 275-க்கும் மேற்பட்ட குழுக்களைச் சேர்ந்த 2,800-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அளவிடக்கூடிய 263 குழுக்களுள் 81 குழுக்களில் இவ்விளைவு, அதற்குப் பெயர்பெற்ற பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதரிடமும் காணப்படுவதைவிட மிகுதி. அவற்றுள் 14 குழுக்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டவை. ஆகவே குழு பெரிதாயிருப்பது பாதுகாப்பு ஆகாது. தொடக்கத்தில் எத்தனை பேர் இருந்தனர், பின் கதவு எவ்வளவு இறுக அடைக்கப்பட்டது என்பவையே முதன்மையானவை.

எடுத்துக்காட்டாக, முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வைசியர் சமூகத்தில், அறுவை மருத்துவத்தில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒருவகை மருந்தைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு பிற குழுக்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி. அக்குறைபாடு உடையவருக்கு அம்மருந்தைக் கொடுத்தால் மூச்சுத் தசைகள் நெடுநேரம் செயலற்று நிற்கும். முன்னரே அறிந்த மருத்துவர் வேறு மருந்தைக் கொடுப்பார். அறியாதவரிடம் உயிருக்கே இடர் நேரலாம். இதில் அச்சமூகத்துக்கு இழுக்கு ஏதும் இல்லை. பிற சமூகங்களுக்கு வேறு வேறு குறைபாடுகள் உள. அவை இன்னும் கண்டறியப்படவில்லை என்பதே வேற்றுமை.

இதற்கு மாறான சான்று ஒன்றும் மதுரையிலிருந்தே கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த பெருந்துறை தண்டபாணி முதலியோர், இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதய நோய்க்கான வாய்ப்பை உயர்த்துவதாக 2009-இல் அறிவித்தனர். தெற்காசியரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் இவ்விடுபாடு உண்டு. இது ஒரு சாதிக்கோ ஒரு மொழியினருக்கோ உரியதன்று. சுவர்கள் எழும்புமுன் வாழ்ந்த பொது மூதாதையரிடமிருந்து அனைவருக்கும் வந்தது. நம் நோய்களுட் சில நாம் பிரிந்ததற்குச் சான்று. சில நாம் ஒன்றாய் இருந்ததற்குச் சான்று.

4. பெருந்தொகையினரை ஆராய்வது ஏன்?

சிலரை மட்டும் ஆராய்ந்தால் போதாதோ எனச் சிலர் கேட்கலாம். நோயாளிகளை இராஜபாளையத்து மருத்துவமனையிலும், நோயற்றவரை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓர் ஆய்வாளர் தேர்ந்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளில் தெலுங்கு பேசுவோர் மிகுந்திருப்பர். உடனே தெலுங்கு பேசுவதே நீரிழிவுக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தால் நாம் நகைப்போம். ஆனால் மரபணு ஆய்விலும் இப்பிழை நேரக்கூடும். ஒரு மூதாதையர் தொகுதியினரிடம் மிகுந்து காணப்படும் எழுத்து எதுவாயினும், அது நோய்க்குக் காரணம்போலத் தோன்றிவிடும். கலப்பு மரபுடைய மக்களிடையே இவ்வாபத்து மிகுதி. ஒவ்வொருவரிடமும் எத்தொகுதியின் பங்கு எவ்வளவு என்று முதலில் கணித்து, அதை நீக்கிய பின்னரே நோயின் காரணத்தைத் தேடவேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கானோர் தேவை.

கலப்பு மரபினரை ஒதுக்காமல் ஆராய்ந்ததால் உலகமே பயனடைந்ததும் உண்டு. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பல்வேறு வழியினரையும் சேர்த்து நடத்திய ஆய்வில், ஆப்பிரிக்க வழி அமெரிக்கரில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரிடம் ஒரு மரபணு செயலற்றிருப்பதும், அவர்களுடைய குருதியில் தீய கொழுப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருப்பதும் 2005-இல் தெரியவந்தன. அதை அடிப்படையாகக் கொண்டு உருவான மருந்துகள் 2015-இல் ஒப்புதல் பெற்று, இன்று எல்லா இனத்தாருக்கும் பயன்படுகின்றன. எனினும் 2019 அளவில், இத்தகைய நோய் ஆய்வுகளில் பங்கேற்றோருள் ஐந்தில் ஏறத்தாழ நால்வர் ஐரோப்பிய வழியினரே. இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்று, இந்தியாவில் 10,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தொகுதியைப் படித்து, அத்தரவுகளை 2025 ஜனவரியில் ஆய்வாளருக்குத் திறந்துவைத்த திட்டமாகும்.

5. எச்சரிக்கைகள்

இளைஞரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். முன்னரே ஆராயப்பட்ட குழுக்களுள் எதற்கு ஒருவர் அணுக்கமானவர் என்று மரபணுச் சோதனை ஓரளவு காட்டக்கூடும். அது காட்டுவது முன்னோர் யாரை மணந்தனர் என்பதன் தடயத்தையே. சாதி என்பது மனிதர் கற்பித்த அமைப்பு. உயர்வு தாழ்வைக் குறிக்கும் எழுத்து அந்த 300 கோடியில் எங்கும் இல்லை. ஒரு குழுவின் சராசரி விகிதத்தைக் கொண்டு தனி மனிதரை அளப்பதும், விகிதத்தைப் பெருமைக்கோ இகழ்ச்சிக்கோ கருவியாக்குவதும் அறிவியலுக்கே முரணானவை.

இரண்டாவது எச்சரிக்கை ஒப்புதலைப் பற்றியது. அமெரிக்காவின் ஹவசுபாய் என்னும் பழங்குடியினரிடம் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று குருதி பெறப்பட்டது. பின்னர் அக்குருதியை மனநோய், குடிபெயர்ச்சி ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் தம்மைக் கேளாமல் பயன்படுத்தினர் என அம்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7,00,000 டாலர் அளித்து, எஞ்சிய குருதியையும் திருப்பிக் கொடுத்தது. நம் மலைவாழ் மக்களிடமோ சபையாரிடமோ எவரேனும் குருதி கேட்டு வந்தால், எதற்காக, எவருக்காக, எக்காலம் வரை என்று கேட்டறிந்து விளக்குவது ஆயரின் கடமையாகும்.

6. இறையியல் நோக்கு

மக்கள் யாவரும் ஒரே மூலத்திலிருந்து தோன்றினர் என்று பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசினார். மரபணு ஆய்வு இதை மெய்ப்பித்துவிட்டது என்று சிலர் மகிழ்கின்றனர். அவ்வாறு கூறுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நாளை வேறோர் ஆய்வு வேறுவிதமாகக் கூறின், அன்று மானிட சமத்துவத்தைக் கைவிடுவோமோ? மனிதனின் மதிப்பு மரபணு விகிதத்தைச் சார்ந்ததன்று. படைத்தவரின் சாயலைச் சார்ந்தது. எனவே அறிவியலை நம் கொள்கைக்குத் தூணாக நிறுத்த வேண்டுவதில்லை. ஆனால் "எங்கள் குருதி கலப்பற்றது" என்னும் பொய்யான தூணை அது தகர்க்குமாயின், அதற்கு நன்றி கூறலாம்.

எஸ்றாவின் நூலில் கலப்பு மணம் கண்டிக்கப்படவில்லையோ எனக் கேட்போர் உண்டு. அங்குக் கவலை வழிபாட்டைப் பற்றியதே என்பது பலருடைய விளக்கம். அதே திருமறையில் மோவாபியப் பெண்ணாகிய ரூத்தின் நூலும் இடம்பெற்றுள்ளது. மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றில் ராகாபும் ரூத்தும் மறைக்கப்படாமல் நிற்கின்றனர். ஆண்டவருடைய வம்சமே கலப்பு மரபுடையதாயிருக்க, அவர் பெயரைத் தரித்த நாம் மணமகன், மணமகள் தேவை என்னும் விளம்பரத்தில் திருச்சபையின் பெயரை அடுத்துச் சாதியின் பெயரையும் எழுதுகின்றோம். 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமையை ஒழிக்குமாறு சுற்றுமடல் அனுப்பினார். அம்மடலுக்கு நாம் இன்னும் முழுவதும் விடை எழுதவில்லை.

7. ஆயர் செய்யக்கூடியவை

நியூயார்க்கில் யோசேப் எக்ஸ்டைன் என்னும் யூத ரபி, டே-சாக்ஸ் என்னும் மரபு நோய்க்குத் தம் பிள்ளைகள் நால்வரைப் பறிகொடுத்தவர். அவர் 1983-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்கள் மணப்பேச்சு தொடங்குமுன் குருதிச் சோதனை செய்துகொள்வர். பெயருக்குப் பதிலாக ஓர் எண் அளிக்கப்படும். இருவருடைய எண்களையும் கூறிக் கேட்டால் அவ்விணை பொருந்துமா என்பது மட்டும் தெரிவிக்கப்படும். எவரும் நாணமடைய நேராத இம்முறையால், அச்சமூகத்தில் அந்நோய் அருகிப்போயிற்று. சமயத் தலைவர் ஒருவர் தம் துயரத்தைப் பிறர் நலமாக மாற்றியதற்கு இது சான்றாகும்.

நாம் அத்தகைய அமைப்பை உடனே தொடங்க இயலாது. எனினும் சில செய்யலாம். முதலாவது, திருமண ஆயத்தப் பேச்சில் இரு வீட்டாரிடமும் உறவு முறையையும், குடும்பத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும் நோய்களையும் அன்போடு கேட்டறிதல். தமிழ்நாட்டில் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்குக் குறையாதவை இன்றும் உறவுக்குள் நிகழ்வன. இரண்டாவது, ஐயம் எழுமிடத்து மரபியல் ஆலோசனை தரும் மருத்துவரிடம் அனுப்புதல். மூன்றாவது, உறவுமுறை மணத்தைத் தவிர்த்தும் அதே குழுவுக்குள் மட்டும் தேடுவோருக்கு, அச்சுவர் தேவனால் எழுப்பப்பட்டதன்று என்பதைப் பிரசங்க பீடத்தில் மட்டுமன்றி வீட்டுக் கூடத்திலும் சொல்லுதல். இம்மூன்றாவதே கடினமானது.

முடிவுரை

அண்மையில் அத்தாயின் இல்லத்துக்கு மீண்டும் சென்றேன். பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டனர். இருவரும் தொழில் செய்கின்றனர். மருத்துவர்கள் பின்னர் ஆராய்ந்து, இது பெற்றோர் இருவர் வழியும் வந்த மரபுக் குறைபாடு எனக் கூறியிருந்தனர். பிறவிக் குருடனைக் கண்டு சீடர்கள் கேட்ட வினாவை நினைவுபடுத்தி, இது எவர் பாவத்தாலும் வந்ததன்று என்றும், தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி எனச் சமமாக வந்தது என்றும் விளக்கினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால், ஐயா, என் வயிற்றைக் குறை சொன்னவர்களுக்கு ஒரு பதிலாவது சொல்லியிருப்பேனே" என்றார்.

அவர் கேட்டது மன்னிப்பை அன்று, அறிவை. அதை உரிய காலத்தில் கொடுப்பதும் ஆயர் பணியின் ஒரு பகுதியே என்பதை இறையியல் மாணவர் மனங்கொள்வாராக.